சுவர் ரைல்ஸ் கழண்டு வருது: திரும்ப ஒட்டலாமோ, முழுக்கக் கொத்த வேணுமோ?

கரடிப்போக்கு
வணக்கம். இடம் கிளிநொச்சி. குளியலறை 5 அடிக்கு 7 அடி, சீமெந்துக் கல்லுச் சுவர், 2015இல பதிச்ச ரைல்ஸ். அளவு 12க்கு 24 அங்குலம், உயரம் 7 அடி மட்டும். ஷவர் இருக்கிற மேற்குச் சுவரில 2 ரைல்ஸ் விழுந்திட்டுது. ஒண்டு நொருங்கிப் போச்சு, மற்றது முழுசு. சுத்தியுள்ள இன்னும் 7 ரைல்ஸ் தட்டினால் வெறுஞ்சத்தம் கேக்குது. இடையில இடைவெளி எண்டு ஒண்டும் இல்லை, ரைலும் ரைலும் முட்டினபடி மயிரிழைக் கோடு மட்டும்தான். மேசன் ஒருத்தர் முழுச் சுவரையும் கொத்திப் பதிக்க வேணும் எண்டுறார். கடையில சிலிக்கன் பூசி ஒட்டினால் காணும் எண்டுறாங்கள். எது சரி?

சாந்தகப்பை
ரெண்டும் இல்லை. முதல் விழுந்த ரைலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கோ. எது எதை விட்டுக் கழண்டது எண்டது அதிலதான் இருக்கு. மூண்டு விதம்:

ரைலின்ர முதுகு துப்பரவாய் இருக்கு, சாந்து முழுக்கச் சுவரில நிக்குது எண்டால், சாந்து ரைலைப் பிடிக்கேல்லை. ஊறவைக்காமல் காய்ஞ்ச ரைலைப் பதிச்சிருப்பினம், இல்லாட்டி தூள் துடைக்காமல் பதிச்சிருப்பினம், இல்லாட்டி அது தண்ணி குடிக்காத போர்சலின் ரைலாய் இருக்கும். இது சின்ன வருத்தம். சுவர் நல்லாய் இருந்தால் ரைலை மட்டும் மாத்தலாம்.

சாந்து ரைலோட வந்திட்டுது, சுவரில வழுவழுப்பான பூச்சோ பெயின்ரோ தெரியுது எண்டால், பிழை சுவரின்ர மேற்பரப்பு. கொத்திச் சொரசொரப்பாக்காமல் பதிச்சிருக்கினம். பக்கத்து ரைல்ஸும் அதே பெயின்ருக்கு மேலதான் நிக்குது, அதுகளும் வரிசையாய் வரும்.

பூச்சே ரைலோட சேந்து வந்து கல்லுத் தெரியுது எண்டால் கதை வேறை. பூச்சுக் கலவை மெலிவு, இல்லாட்டிக் கல்லை நனைக்காமல் பூசினது, இல்லாட்டி உப்பு. இந்த நிலையில எந்த விலைப் பசை வாங்கினாலும் அது கழண்ட பூச்சுக்கு மேலதான் ஒட்டும்.

அடுத்தது, ரைலின்ர முதுகில ஒரு துளி தண்ணி விடுங்கோ. சில விநாடியில உறிஞ்சினால் செரமிக். அப்பிடியே முத்தாய் நிண்டால் போர்சலின். ரெண்டையும் பாத்துச் சொல்லுங்கோ, பிறகு கதைப்பம்.

கரடிப்போக்கு
பாத்தன். தண்ணியை உடனே உறிஞ்சுது. முதுகில நாலு மூலையிலயும் நடுவிலயும் அஞ்சு உருண்டையாய் சீமெந்து அப்பின அடையாளம், மற்ற இடமெல்லாம் வெறுமை. ரெண்டு உருண்டை ரைலோட வந்திட்டுது, மூண்டு சுவரில நிக்குது. பூச்சுச் சுவர் சாம்பல் நிறம், பெயின்ற் இல்லை. சுவரைத் தட்டினால் கெட்டிச் சத்தம்தான்.

சாந்தகப்பை
அப்ப உங்கட சுவர் தப்பிச்சுது. இது "பணியாரம்" வைச்சுப் பதிச்ச வேலை. அஞ்சு உருண்டை வைச்சு அமத்தினால் கெதியாய் மட்டம் வரும், சாந்தும் மிச்சம். ஆனால் ரைலின்ர முதுகில பாதிக்கு மேல காத்து. கோட்டால உள்ளுக்க போற தண்ணி அந்த வெறுமையில தேங்கி நிக்கும். ஈர இடத்தில ரைலின்ர முதுகில குறைஞ்சது நூற்றுக்கு 95 பங்காவது பசை பிடிச்சிருக்க வேணும்.

முட்டிப் பதிச்சதும் ஒரு காரணம். சீமெந்துக் கல்லும் பூச்சும் கட்டின பிறகு மாதக்கணக்காய்ச் சுருங்கும். செரமிக் ரைல் ஈரத்தால வருசக்கணக்கில ஒரு மயிரிழை அளவு பருக்கும். ஒண்டு சுருங்க மற்றது பருக்க, நடுவில இடம் இல்லாட்டி ரைல் வெளியாலதான் தள்ளுப்படும். மேற்குச் சுவர் பின்னேர வெயிலில வெளிப்பக்கம் கொதிக்கும். உள்ளுக்க ஷவர் தண்ணி குளிரப் படும். அந்த இழுபறியும் சேருது.

முழுச் சுவரையும் கொத்தத் தேவையில்லை எண்டது என்ர எண்ணம். 9 ரைல்ஸ், 18 சதுர அடி. அதை ஒழுங்காய்ச் செய்தால் காணும்.

பைப்லைன்
பொறுங்கோ. உது ஷவர்ச் சுவர். ரைல் கழட்ட முதல் உள்ளுக்க போற குழாய் ஒழுகுதோ எண்டு பாருங்கோ. ஒழுகிற குழாய்க்கு மேல ரைல் ஒட்டுறது வீண்.

இஞ்ச கன வீடுகளில மீற்றர் இல்லை, கிணத்து மோட்டரும் மேல தாங்கியும்தான். இரவு எல்லாத் தண்ணிக் குழாயையும் பூட்டி, கொமெட் சிஸ்ரேனுக்குப் போற சின்ன வால்வையும் பூட்டி, மோட்டரையும் நிப்பாட்டுங்கோ. தாங்கிக்குள்ள நீர்மட்டத்தை ஒரு தடியால அளந்து கோடு போடுங்கோ. விடிய எழும்பின கையோட, ஒருத்தரும் தண்ணி பாவிக்க முதல் திரும்ப அளவுங்கோ. விட்டம் 1.1 மீற்றர் உள்ள தாங்கியெண்டால் 1 சென்ரிமீற்றர் இறங்கினால் 9 லீற்றருக்கு மேல போயிருக்கு. சிஸ்ரேன் வால்வைப் பூட்ட மறந்தால் கணக்கு முழுக்கப் பிழைச்சுப் போகும். அதில ஒழுகிறதைச் சுவரில ஒழுகுது எண்டு நினைச்சுச் சுவரை உடைக்கிறவையும் இருக்கினம்.

மட்டம் இறங்கேல்லை எண்டால் குழாய் பிழையில்லை. ஆனால் ஷவருக்கு ஏறுற குழாயில வால்வைத் திறந்தால்தான் தண்ணி நிக்கும், அதனால இந்தச் சோதனையில அது தப்பிடும். அதுக்கு ஷவர்த் தலையைக் கழட்டி, அந்த வாயை அடைப்பான் போட்டு இறுக்கி, வால்வைத் திறந்து விட்டிட்டு இன்னொரு இரவு பாருங்கோ.

விழுந்த ரைல் இருந்த இடத்தில ஒரு அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கோ. உட்பக்கம் வேர்த்தால் சுவருக்குள்ள ஈரம் இன்னும் இருக்கு. காயட்டும், அவசரப்பட வேண்டாம்.

பாலைப்பழம்
கடைக்காரர் சொன்ன சிலிக்கன் ஏன் சரிவராது? கண்ணாடித் தொட்டியையே ஒட்டுது தானே.

சாந்தகப்பை
கண்ணாடி துப்பரவான, தூளில்லாத மேற்பரப்பு. சாந்துத் தூளுக்கு மேல சிலிக்கன் பிடிக்காது. பிடிச்சாலும் தூளோட உரிஞ்சு வரும். சீமெந்தோட பாக்கேக்க அது இறப்பர் மாதிரி அசையும். ரைல் அசைஞ்சால் பக்கத்துக் கோட்டில அடைச்ச கலவை, அதுதான் கிறவுட், வெடிக்கும். புளிச்ச வாசம் வாற சிலிக்கன் காயேக்க வினாகிரி அமிலம் விடும், அது சீமெந்துக்கு ஆகாது. சிலிக்கனுக்கு இந்தக் குளியலறையில ஒரு வேலை இருக்கு, அது மூலையில. பிறகு வரும்.

முத்தையன்கட்டு
கழண்டு விழாத 7 ரைல்ஸை ஏன் உடைப்பான்? கோட்டில 4, 5 மில்லிமீற்றர்த் துளை போட்டு, ஊசியால எபொக்சி இறக்கினால் வெறுமை நிரம்பிடும். தரையில நல்லாய் நிக்குது.

நீர்மட்டம்
தரையில நிக்கும். அங்க ரைலின்ர பாரமே அதை அமத்தி வைச்சிருக்குது, பசையும் கீழ பரவும். சுவரில ஊத்துற எபொக்சி கீழ் விளிம்புக்கு வடிஞ்சு அங்க குட்டையாய் நிக்கும், மேல அரைவாசி திரும்பவும் வெறுமை. மற்றது, பின்னால என்ன இருக்குது எண்டு பாருங்கோ: பத்து வருச ஊத்தை, சவர்க்காரப் படிவு, ஈரம். எபொக்சி ஈரத்தூளைத்தான் பிடிக்கும். ஷவர் இல்லாத சுவரில, ஒரே ஒரு ரைல், மாத்த ரைல் கிடைக்காது எண்டால் ஊசி வேலை செய்யலாம். இஞ்ச இல்லை.

12க்கு 24 செரமிக் ரைல் ஒண்டு 3 கிலோவுக்குக் கிட்ட நிறை. 5 அடி உயரத்தில இருந்து குளிக்கிற பிள்ளையின்ர காலில விழுந்தால் கண்ணாடி மாதிரி வெட்டும்.

முத்தையன்கட்டு
சரி, ஷவர்ச் சுவருக்கு விட்டுக் குடுக்கிறன். மற்றச் சுவர்களில ஒரு மூலை மட்டும் வெறுஞ்சத்தம் எண்டால் எல்லாத்தையும் பிடுங்கச் சொல்லுவீங்களோ?

நீர்மட்டம்
இல்லை. வெண்கட்டி எடுத்து ஒவ்வொரு ரைலிலயும் நாலு மூலை, நடு எண்டு அஞ்சு இடம் சுத்தியல் பிடியால மெதுவாய்த் தட்டுங்கோ. வெறுஞ்சத்தம் கேட்ட இடத்தில புள்ளி. ஒரு புள்ளி, கை வைச்சு அமத்த அசைவில்லை, கோட்டில வெடிப்பில்லை எண்டால் விடுங்கோ, ஆறு மாசத்துக்கு ஒருக்கால் தட்டிப் பாத்தால் காணும். மூண்டு புள்ளிக்கு மேல, இல்லாட்டி அமத்தேக்க கோட்டால தண்ணி கசிஞ்சால் கழட்டுங்கோ.

சாந்தகப்பை
கழட்டுற முறை. இதிலதான் கனபேர் நல்லாய் நிண்ட பக்கத்து ரைலையும் உடைக்கிறது.

சுடுதண்ணி ஹீற்றர் இருந்தால் அதின்ர பிறேக்கரை விழுத்துங்கோ. தண்ணித் தாங்கி வால்வைப் பூட்டுங்கோ. வடிகால் வாயைத் துணியால அடையுங்கோ. அதுக்க ஒரு கைப்பிடி சாந்துத் துண்டு போனால் அது இன்னொரு வேலை. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குத் தூசி மாஸ்க், காலுக்குச் சப்பாத்து. கிறைண்டரில வாற தூசி சிலிக்காத் தூசி, வாய்க்குத் துணி கட்டினால் காணாது. கிறைண்டர் பிடிச்சிருக்கேக்க தண்ணியும் ஊத்தாதேங்கோ, கறண்ட் அடிக்கும். முதல் கோட்டைத் தண்ணி தொட்ட தூரிகையால நனைச்சுப் போட்டுப் பிறகு வெட்டுங்கோ.

உங்கட கோடு மயிரிழை. கோடு கீறுற ஆயுதம் உள்ள இறங்காது. 4 அங்குலக் கிறைண்டரில ஆக மெல்லிய டயமன்ட் பிளேட் போட்டு, கழட்டப் போற கூட்டத்தின்ர வெளிக்கோட்டால மட்டும் ஒரு ஓட்டு ஓட்டுங்கோ, ஆழம் ரைலின்ர தடிப்பு மட்டும், 9 மில்லிமீற்றர். நிக்கிற ரைலின்ர விளிம்பில ரெண்டு பட்டு மாஸ்கிங் ரேப் ஒட்டிப் போட்டு வெட்டினால் மினுக்கம் சிதறாது. மூலை முட்டுற கடைசி அங்குலத்தைப் பிளேட்டால வெட்டாதேங்கோ, வட்டப் பிளேட் பக்கத்து ரைலுக்க போகும். அதை இரும்பு வாள் அலகைத் துணி சுத்திப் பிடிச்சுக் கையால அறுங்கோ.

மேல் வரிசையில இருந்து கீழ. ஏற்கனவே விழுந்த ஓட்டைப் பக்கத்தால மெல்லிய தட்டைக் கரண்டியை முதுகுப் பக்கம் செருகி, உருண்டை இருக்கிற இடத்தைத் தேடி அதில உளியால தட்டுங்கோ. பக்கத்து ரைலில ஊண்டி நெம்பக் கூடாது. அசையாத ரைல் எண்டால் ஆசையை விட்டிட்டு நடுவில துளை போட்டு, நடுவில இருந்து விளிம்புக்கு உடைச்சுக்கொண்டு வாங்கோ. விளிம்பில இருந்து நடுவுக்கு உடைச்சால் அடி பக்கத்து ரைலுக்குப் போகும்.

பைப்லைன்
வால்வுக்கு நேர மேலயும் கீழயும் உளி ஆழமாய் போகக் கூடாது. குழாய் வழமையாய் அந்த நேர்கோட்டில ஒண்டு, ஒண்டரை அங்குலத்துக்க ஓடும். அந்த இடத்து உருண்டைகளைத் தட்டாமல் கிறைண்டரால தேயுங்கோ.

பாலைப்பழம்
முழுசாய் வந்த ரைலின்ர முதுகில ஒட்டியிருக்கிற சீமெந்தை அசிட்டில ஊறப் போட்டால் கழண்டிடுமாம்?

சாந்தகப்பை
கழரும். ஆனால் செரமிக் முதுகு அசிட்டைக் குடிக்கும், எவ்வளவு கழுவினாலும் குளோரைட் உப்பு உள்ளுக்க நிக்கும், பிறகு அது புதுப் பசையோட சண்டை பிடிக்கும். கிறைண்டரால தேய்ச்சு 1 மில்லிமீற்றருக்குக் கொண்டு வாங்கோ, ஈரத் தூரிகையால தூசி போகத் தேயுங்கோ, காய விடுங்கோ. அவ்வளவும் காணும். அசிட்டும் குளோரினும் ஒரே வாளியில சேரவே கூடாது. நச்சு வாயு வரும், சின்னக் குளியலறையில ஆளையே விழுத்தும்.

இனி முக்கியமான இடம், கவனியுங்கோ. பணியாரம் வைச்ச பழைய வேலையில ரைலுக்குப் பின்னால 10, 15 மில்லிமீற்றர் இடம் இருக்கும். பசையால ஒட்டினால் தடிப்பு 5 மில்லிமீற்றர்தான். அப்பிடியே ஒட்டினால் புது ரைல்ஸ் பழசை விட உள்ளுக்க இறங்கி நிக்கும். அதை நிரப்பப் பசையை 15 மில்லிமீற்றர் அப்பினால் சுருங்கிச் சறுக்கும். அதனால அளக்க வேணும்: நிக்கிற ரைல்ஸுக்கு மேல நேர்ச்சட்டம் ஒண்டைக் குறுக்க பிடிச்சு, சட்டத்தில இருந்து சுவருக்கு எவ்வளவு எண்டு ஆறேழு இடத்தில அளந்து சுவரிலயே எழுதுங்கோ. 22 வந்தால், ரைல் 9, பசை 5, மிச்சம் 8. அந்த 8 மில்லிமீற்றரைச் சாந்தால பூசி மட்டம் எடுக்க வேணும்.

கரடிப்போக்கு
அளந்தன். 20க்கும் 23க்கும் இடையில வருது. 18 சதுர அடிக்கு எவ்வளவு சாந்து?

சாந்தகப்பை
8 மில்லிமீற்றர் எண்டு வைச்சால் ஈரச் சாந்து 13, 14 லீற்றர். 1க்கு 4 கலவைக்குச் சீமெந்து 5 கிலோ, அரிச்ச மணல் 14 லீற்றர். நுளம்பு வலையில அரிச்சால் 8 மில்லிமீற்றரில கல்லுப் பொறுக்காது. ஆத்து மணல்தான். கடற்கரைப் பக்க மணல் எண்டால் உப்பு, தொடாதேங்கோ.

பழைய பூச்சை முதல் அங்குலத்துக்கு ஒண்டாய் உளிக்குத்துப் போட்டு, தூசி கழுவி, முதல்நாள் பின்னேரம் நல்லாய் நனைச்சு விடுங்கோ. பூசேக்க சுவர் உள்ளுக்க ஈரம், வெளியால தண்ணி மினுங்கக் கூடாது. எஸ்.பி.ஆர். பாலும் (சீமெந்து நல்லாய்ப் பிடிக்கக் கலக்கிற இறப்பர்ப் பால்) தண்ணியும் சரிக்குச் சரி கலந்து, அதில சீமெந்து போட்டுப் பெயின்ற் பதத்துக்குக் கரைச்சுத் தூரிகையால அடியுங்கோ. பால் 400 மில்லிலீற்றர் காணும். அது ஒட்டுற பதத்தில இருக்கேக்கயே சாந்தைப் பூச வேணும். காய்ஞ்சு போச்சுது எண்டால் அது பிடிக்க வைக்காது, பிரிக்கிற தோலாய் மாறிடும். அரைவாசி அரைவாசியாய் அடிச்சுப் பூசுங்கோ.

பூசின முகத்தை மினுக்காதேங்கோ. மரப் பலகையால சொரசொரப்பாய் விடுங்கோ. மூண்டு நாள் ஈரச் சாக்குக் கட்டி வையுங்கோ, பிறகு ஒரு கிழமை காய விடுங்கோ.

பழைய_மேசன்
பசை, பால் எண்டு ஏன் பிள்ளையளைச் செலவழிக்க வைக்கிறியள். ரைலை ராத்திரி ஊறப் போட்டு, சுவரை நனைச்சு, தனிச் சீமெந்துக் களி முதுகு முழுக்கப் பூசி ஒட்டினால் முப்பது வருசம் நிக்கும். நிண்டிருக்கு.

நீர்மட்டம்
அண்ணை, நீங்கள் சொல்லுறது 6க்கு 6, 8க்கு 12 செரமிக் ரைலுக்கு முழு உண்மை. முதுகு முழுக்கப் பூசினது, ஊறவைச்சது, ரெண்டும் செய்தால் நிக்கும். இப்ப வாறது 12க்கு 24. ஒரு ரைலில ரெண்டு சதுர அடி. தனிச் சீமெந்து காயேக்க நல்லாய்ச் சுருங்கும், ரைல் பெருக்கப் பெருக்க அந்த இழுப்பு விளிம்பில கூடும். போர்சலின் எண்டால் தண்ணி உறிஞ்சல் நூற்றுக்கு 0.5க்கும் குறைய; சீமெந்துப் பால் உள்ள இறங்கிப் பிடிக்கத் துவாரமே இல்லை. அதுக்குப் பொலிமர் சேந்த பசை இல்லாமல் சரிவராது.

பழைய_மேசன்
சின்ன ரைலுக்கெண்டு ஒத்துக்கொள்ளுறீர்தானே. அது காணும். இன்னொண்டு, பசை பாவிக்கிறவை ரைலை ஊறவைக்கக் கூடாது, அதையும் சொல்லிப் போடுங்கோ. ரெண்டையும் கலந்து செய்யுறாங்கள்.

நீர்மட்டம்
அது சரியான பேச்சு. பசைக்கு முதுகு துடைச்சாப் போதும், நனைஞ்ச ரைலைப் பசை பிடிக்காது.

கடைப்பொடியன்
பசைத்தூள் வாங்கேக்க பையில இருக்கிற எழுத்தைப் பாருங்கோ. சி1 (C1) எண்டால் சாதாரணம், பிடிமானம் சதுர மில்லிமீற்றருக்கு 0.5 நியூட்டன். சி2 எண்டால் அதின்ர ரெண்டு மடங்கு, 1 நியூட்டன். பக்கத்தில ரி (T) இருந்தால் சுவரில சறுக்காது. ஈ (E) இருந்தால் பூசின பசை 20 நிமிசத்துக்குப் பதிலாய் 30 நிமிசம் ஒட்டுற பதத்தில நிக்கும். ஷவர்ச் சுவர், மேற்கு வெயில் எண்டால் சி2, ரி, ஈ மூண்டும் உள்ளதாய் எடுங்கோ.

கணக்கு: 1 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சதுர மீற்றருக்கு 1.4 கிலோ அளவு தூள். 18 சதுர அடி 1.67 சதுர மீற்றர். 5, 6 மில்லிமீற்றருக்கு 12இல இருந்து 14 கிலோ, சேதாரத்தோட 15. ஒரு பை போதும். திகதி பாருங்கோ, பையை அமத்திப் பாருங்கோ. கட்டி கட்டியாய் இருந்தால் வேண்டாம்.

கிறவுட் 1 கிலோ பக்கற் ஒண்டே கனக்க. நீளம் அகலத்தைக் கூட்டி, ரெண்டையும் பெருக்கி வாறதால பிரிச்சு, தடிப்பாலயும் கோட்டு அகலத்தாலயும் 1.6ஆலயும் பெருக்கினால் சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ எண்டு வரும், எல்லாம் மில்லிமீற்றரில. 300, 600, தடிப்பு 9, கோடு 2 எண்டால் 0.14 கிலோ.

சாந்தகப்பை
பசைக்கு முதல் ஈரத்தடுப்புப் பூச்சு. ஷவர்ச் சுவர் இப்ப திறந்து கிடக்கிற நேரம், இதை விட்டால் பிறகு வாய்ப்பு இல்லை. தூளும் பாலுமாய் ரெண்டு பாகமாய் வாறது, ரெண்டு கை. முதல் கை நேர, ரெண்டாவது குறுக்க. இடையில 4 மணித்தியாலமாவது விடுங்கோ. மூலையிலயும் ஷவர்க் குழாய் வாயைச் சுத்தியும் வலைத்துணி வைச்சு அடியுங்கோ. பிறகு ஒரு முழுநாள் காயட்டும், பையில கூடச் சொல்லியிருந்தால் பை சொல்லுறதுதான் சரி.

பதிக்கிற நாள். வன்னி வெயிலில இது தனிப் பாடம். மேற்குச் சுவர் எண்டால் விடிய ஆறு ஏழு மணிக்குத் தொடங்கி, பத்துக்கு முடியுங்கோ. சோளகக் காத்து அடிக்கிற மாசங்களில யன்னலைச் சாத்துங்கோ, பூசின பசையில பத்து நிமிசத்தில தோல் பிடிக்கும். சந்தேகமெண்டால் விரலால தொடுங்கோ. விரலில ஒட்டேல்லை எண்டால் வழிச்சுப் போட்டுப் புதுசாய்ப் பூசுங்கோ. மேல தண்ணி தெளிச்சு உயிர் குடுக்கிற வேலை வேண்டாம்.

ஒருமுறை 5 கிலோ தூள்தான் கரையுங்கோ. முதல் வாளிக்குத் தண்ணி 1.1 லீற்றர், அதுக்கு மேல தூள். கட்டியில்லாமல் அடிச்சு, 5 நிமிசம் விட்டு, திரும்ப அடியுங்கோ. அந்த 5 நிமிசம்தான் பொலிமர் கரையிற நேரம், விட்டுப் பிடிக்கேல்லை எண்டால் பிறகு இறுகிப் போச்செண்டு தண்ணி ஊத்துவியள், பிடிமானம் போயிடும். கரண்டியைக் கவிட்டால் பசை விழாமல் நிக்க வேணும்.

சுவரில கரண்டியின்ர தட்டைப் பக்கத்தால முதல் ஒரு இழைப்பு அழுத்திப் பூசுங்கோ. பிறகு பல் வெட்டின பக்கத்தால, 8 மில்லிமீற்றர்ப் பல்லு, ஒரே திசையில வரி இழுங்கோ. ரைலின்ர முதுகிலயும் 1 மில்லிமீற்றர் மெல்லிசாய். வைச்சு, வரிக்குக் குறுக்காய் ரெண்டு அங்குலம் முன்னும் பின்னும் அசைச்சு அமத்துங்கோ, அப்பத்தான் வரிகள் படுத்துக் காத்து வெளிய போகும். முதலாவது ரைலை ஒட்டின கையோட திரும்பக் கழட்டிப் பாருங்கோ. முதுகில வெறும் வரியாய்த் தெரிஞ்சால் பசை காணாது, இல்லாட்டித் தோல் பிடிச்சிட்டுது.

கரடிப்போக்கு
கோடு எவ்வளவு விடுறது? பழசு முட்டி நிக்குதே.

சாந்தகப்பை
ஓம், அது தொல்லைதான். 2 மில்லிமீற்றர் விட்டால் மூண்டு ரைலில வரிசை பழைய கோட்டை விட்டு ஓடிடும். வழி ஒண்டு: திரும்பப் போடுற ஒவ்வொரு ரைலிலயும் ஒரு நீளப்பக்கத்தையும் ஒரு அகலப்பக்கத்தையும் கிறைண்டரால 1.5 மில்லிமீற்றர் குறைச்சு, விளிம்பை டயமன்ட் கல்லால மழுக்குங்கோ. அப்ப 1.5 மில்லிமீற்றர்க் கோடும் கிடைக்கும், வரிசையும் ஓடாது. 9 ரைலுக்கு ஒரு பின்னேர வேலை.

கீழ் வரிசைக்குக் கீழ ரைல் நிண்டால் அதே தாங்கும். இல்லாட்டி மட்டம் பாத்து ஒரு மரச் சலாகையை அடிச்சு அதுக்கு மேல வையுங்கோ. கோட்டு இடைவெளி மாறாமல் ஸ்பேசர்த் துண்டு போட்டு, ரேப்பால பக்கத்து ரைலோட கட்டி விடுங்கோ. கோட்டுக்குள்ள பிதுங்கின பசையை அப்பவே குச்சியால கீறி எடுங்கோ. அடுத்தநாள் அது கல்லு.

பாலைப்பழம்
கோட்டுக்கு வெள்ளைச் சீமெந்து அடைச்சால் என்ன?

கடைப்பொடியன்
அது தேய்ஞ்சு வெடிக்கும். கிறவுட் எண்டால் பொலிமர் இருக்கு. ஆனால் கிறவுட்டுக்கும் தண்ணி கூடக் கூடாது, கிலோவுக்கு 280இல இருந்து 300 மில்லிலீற்றர். கூடினால் காயேக்க நிறம் திட்டுத் திட்டாய் வரும், ஊசித் துளையும் வரும். ஒட்டி 24 மணித்தியாலத்துக்குப் பிறகு, இறப்பர்ப் பலகையால கோட்டுக்குச் சரிவாய் இழுத்து அடையுங்கோ. 15, 20 நிமிசத்தால நல்லாய்ப் பிழிஞ்ச ஸ்பொஞ்சால சரிவாய்த் துடையுங்கோ. தண்ணி சொட்டுற ஸ்பொஞ்ச் கோட்டைக் குழி ஆக்கும்.

சுவரும் சுவரும் சேர்ற மூலை, சுவரும் தரையும் சேர்ற மூலை, குழாய் வாய், இதுகளுக்குக் கிறவுட் இல்லை. அதுதான் சிலிக்கனின்ர இடம். பூஞ்சணம் பிடிக்காத, புளிச்ச வாசம் இல்லாத வகை. 280 மில்லிலீற்றர்க் குழல் ஒண்டு 5 மில்லிமீற்றர் வரியாய் இழுத்தால் 11 மீற்றர் போகும்.

கனகராயன்
எல்லாரும் ஒரு விசயத்தை விட்டிட்டியள். கோடு ஏன் முதல்ல தண்ணி விட்டது? இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. ரைலில வெள்ளைப் படலம் பிடிக்கும், அதைப் போக்கச் சனம் மாசத்துக்கு ரெண்டுதரம் அசிட் ஊத்தித் தேய்க்கும். கிறவுட்டும் சீமெந்துதானே. அசிட் சுண்ணாம்பைத் தின்னேக்க கோட்டையும் சேத்துத் தின்னும். கோடு குழிஞ்சால் தண்ணி பின்னால போகும். அசிட் பிறகு தண்ணி, பிறகு இன்னும் அசிட். வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் மெதுவாய்ச் செய்தாலும் அதே வேலையைத்தான் செய்யுது.

குளிச்சு முடிய இறப்பர் வழிப்பானால சுவரை ஒருக்கால் வழிச்சு விட்டால் படலம் பிடிக்கிறது பாதி குறையும். பிடிச்ச இடத்துக்கு வினாகிரி போடுறதெண்டால் முதல் கோட்டுக்குத் தண்ணி ஊத்தி ஊற விட்டு, பிறகு ரைலில மட்டும் துணியால தடவி, ரெண்டு மூண்டு நிமிசத்தில கழுவுங்கோ.

பூநகரி, முல்லைத்தீவுக் கரைப் பக்கம் எண்டால் பசை கரைக்கவும் கிணத்துத் தண்ணி வேண்டாம், உவர். மொத்த வேலைக்கும் பசைக்கு 4 லீற்றருக்குள்ளதான் தண்ணி. குடிக்க எடுக்கிற ஆர்.ஓ. தண்ணியிலயே கரையுங்கோ.

முத்தையன்கட்டு
கறையானையும் சேத்துச் சொல்லுங்கோ. பணியார வெறுமைக்கால அது ஆக்கள் காணாமல் கதவு நிலைக்கு ஏறும். கழட்டின ரைலுக்குப் பின்னால செம்மண் குழாய் தெரிஞ்சால் தட்டி விட்டிட்டு மேல ஒட்டாதேங்கோ, எங்கால ஏறுது எண்டு அத்திவாரம் வரைக்கும் தேடி மருந்தடிச்சிட்டு ஒட்டுங்கோ.

கரடிப்போக்கு
செம்மண் இல்லை. தாங்கி மட்டம் ரெண்டு இரவும் இறங்கேல்லை. 9 ரைலில 6 முழுசாய் வந்திட்டுது, 3 குறையுது. அதே பூ கடையில இல்லை.

கடைப்பொடியன்
பெட்டி இருந்தால் அதில நிற இலக்கமும் அளவு இலக்கமும் இருக்கும், ஆனால் 2015 சரக்கு கிடைக்காது. கதவுக்குப் பின்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால, பேசினுக்குக் கீழ நல்லாய் இருக்கிற மூண்டைக் கழட்டி இஞ்ச போட்டு, அங்க வேறை ரைல் போடுங்கோ.

நீர்மட்டம்
அதில ஒரு பிடி. நல்லாய் ஒட்டின ரைல் முழுசாய்க் கழராது. பணியார வேலை எண்டதால உங்களுக்குச் சில வேளை வரும். அதை விட, ஷவர்ச் சுவரில ஒரு முழு வரிசையையே வேறை நிறத்தில போடுங்கோ, இடுப்பு உயரத்தில. பட்டி மாதிரி வடிவாய் இருக்கும், மற்ற ரைலைத் தொடத் தேவையில்லை. புது ரைலின்ர தடிப்பையும் உண்மையான நீள அகலத்தையும் கடையிலயே அளந்து எடுங்கோ. 12 அங்குலம் எண்டு விக்கிறது 298ஆயும் இருக்கும், 300ஆயும் இருக்கும்.

கரடிப்போக்கு
பட்டி யோசனை நல்லது. எத்தனை நாளில குளிக்கலாம்? மிச்சப் பசைத்தூளை என்ன செய்யுறது?

சாந்தகப்பை
கிறவுட் போட்டு மூண்டு நாள் அந்தச் சுவரில தண்ணி படக் கூடாது. சிலிக்கன் போட்ட மூலைக்கு ஒரு நாள் காணும். வாளியில அள்ளிக் குளிக்கிறதெண்டால் மற்றப் பக்கம் நிண்டு குளியுங்கோ. ஹீற்றரை ஒரு கிழமைக்குப் பிறகு போடுங்கோ.

தூளை அதே பையோட, காத்தை அமத்தி வெளியேத்தி, ரெண்டு பொலித்தீன் பையுக்க கட்டி நிலத்தில படாமல் பலகைக்கு மேல வையுங்கோ. மாரி தொடங்கினால் ஈரம் இழுக்கும், ஐப்பசிக்கு முதல் முடிச்சுப் போடுங்கோ. கட்டி பட்டதை இடிச்சுப் பாவிக்க வேண்டாம்.